கொப்பி கொண்டு வாங்க என்றால் எந்தக் கொப்பி?

புத்தகக் கடையில் கொப்பி கேட்டால் எண்பது பக்கமா நூற்றிருபதா, ஒற்றை றூளா இரட்டை றூளா என்பார்கள். பரீட்சை மண்டபத்தில் கொப்பி என்றால் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதுவது. பிரதேச செயலகத்திலும் வங்கியிலும் காணிப் பதிவகத்திலும் இதே சொல்லுக்கு ஏழெட்டுப் பொருள் இருக்கிறது. ஒன்றைக் கேட்க இன்னொன்றை நீட்டினால், "மறுகா வாங்க" என்பதுதான் பதில். பொத்துவிலிலிருந்தோ வாகரையிலிருந்தோ பஸ் ஏறி வந்தவருக்கு அந்த ஒரு சொல் ஒரு நாள் கூலி.

முதன்முதலாக வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள், வெளிநாட்டுக்குக் கடதாசி சேர்ப்பவர்கள், காணி வாங்கப் போகிறவர்கள், வெளியூரிலிருந்து மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் குடிவந்தவர்கள் ஆகியோருக்கு இந்த வழிகாட்டி.

1. கொப்பிக்குத் தாய் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கும் பிறப்புச் சான்றிதழை நாம் "ஒறிஜினல்" என்கிறோம். உண்மையில் அதுவும் ஒரு கொப்பிதான். மூலம் என்பது பதிவாளர் எழுதிய பதிவேட்டுப் பக்கம். அது பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது அந்தப் பக்கத்தைப் பார்த்து அதிகாரி கையொப்பமிட்டுத் தந்த பிரதி. அதனால்தான் அது தொலைந்தாலும் பயப்படத் தேவையில்லை. எத்தனை தடவையும் புதிதாக எடுக்கலாம், ஒவ்வொன்றும் "ஒறிஜினல்"தான்.

பட்டச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், வேலை அனுபவக் கடிதம் போன்றவை வேறு சாதி. அவற்றின் மூலக் கடதாசி உங்கள் கையிலேயே இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் மற்றவர் சான்று சொல்ல வேண்டும்.

இந்தப் பிரிப்பு பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் எளிது. தாய் அரசாங்கப் பதிவேட்டில் இருந்தால் அந்தப் பதிவேட்டைக் காப்பவர்தான் கையொப்பம் வைக்க வேண்டும். தாய் உங்கள் கையில் இருந்தால் சமாதான நீதவானோ சட்டத்தரணியோ வைக்கலாம்.

2. 'கொப்பி'க்கு முன்னால் நிற்கும் சொல்லைப் பிடியுங்கள்

ஆங்கிலப் படிவங்களில் கொப்பி தனியாக வருவது குறைவு. அதன் முன்னால் ஒட்டியிருக்கும் சொல்தான் பொருளைச் சொல்லும்.

போட்டோக் கொப்பி: வெறும் நிழற்பிரதி, யாருடைய கையொப்பமும் வேண்டியதில்லை. ஆனால் அடையாள அட்டை என்றால் இரண்டு பக்கமும் ஒரே தாளில் வர வேண்டும்.

ட்ரூ கொப்பி: உண்மைப் பிரதி. நிழற்பிரதியின் மேல், "மூலத்துடன் ஒப்பிட்டேன், சரி" என்று ஒருவர் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டது.

சேர்ட்டிபைட் கொப்பி: சனம் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பிறப்பு, விவாகம், இறப்பு, காணி, நீதிமன்றத் தீர்ப்பு என்று வரும்போது இது பதிவேட்டைக் காக்கும் கந்தோர் தரும் பிரதி. கல்விச் சான்றிதழுக்குப் பக்கத்தில் இதே சொல் இருந்தால், பெரும்பாலும் அவர்கள் கேட்பது மேலே சொன்ன உண்மைப் பிரதியைத்தான். ஒரே விண்ணப்பத்தில் ஒரே சொல் இரண்டு பொருளில் வருவதும் உண்டு. எழுதியவரைத் திட்டிப் பயனில்லை. ஒவ்வொரு ஆவணத்துக்கும் தாய் எங்கே என்று கேட்டு நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

டுப்ளிகேட்: இணைப்பிரதி. தொலைந்ததற்குப் பதிலாகத் திணைக்களம் புதிதாகத் தருவது. "டுப்ளிகேட் ஐ.சி. (அடையாள அட்டை) கொண்டு வாங்க" என்று கேட்டால் போட்டோக் கொப்பிக் கடைக்கு ஓடாதீர்கள். காணி உறுதி விடயத்தில் டுப்ளிகேட்டுக்கு இன்னொரு பொருள் இருக்கிறது, அது 5ஆம் படியில்.

ஒபிஸ் கொப்பி: நீங்கள் கொடுத்த கடிதத்தின் மறுபிரதி. அதைப் பற்றி 7ஆம் படியில்.

ஹாட் கொப்பி, சொப்ட் கொப்பி: முன்னது தாளில், பின்னது கணினிக் கோப்பாக. இரண்டும் வேண்டும் என்று எழுதியிருந்தால் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுத் தபாலை மறந்துவிடக் கூடாது.

"ஒறிஜினல்" என்ற சொல்லையும் இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: காட்டிவிட்டுத் திரும்ப வாங்குவதா, கொடுத்துவிட்டு வருவதா? வங்கிகள் பெரும்பாலும் மூலத்தைப் பார்த்துவிட்டு நிழற்பிரதியை வைத்துக்கொள்ளும். கொடுத்துவிட்டு வர வேண்டிய இடத்துக்கு, வீட்டில் இருக்கும் ஒரே பிரதியைக் கொண்டுபோகாதீர்கள்.

3. பிறப்புச் சான்றிதழ்க் கொப்பி எடுப்பது

பிறப்பு பதியப்படுவது பிள்ளை பிறந்த இடத்தில். அப்பா அம்மாவின் ஊரில் இல்லை. களுவாஞ்சிகுடிக் குடும்பத்துப் பிள்ளை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பிறந்திருந்தால், தேட வேண்டிய இடம் மண்முனை வடக்குப் பிரதேச செயலகம். திருக்கோவில் பிள்ளை அம்பாறை வைத்தியசாலையில் பிறந்திருந்தால் அம்பாறை. சொந்த ஊர்ச் செயலகத்தில் தேடி "பதிவு இல்லை" என்று கலங்கி நிற்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

பல பதிவுகள் இப்போது கணினியில் ஏற்றப்பட்டிருப்பதால், வேறு மாவட்டத்தில் பிறந்தவரும் பக்கத்துப் பிரதேச செயலகத்திலேயே எடுக்க வாய்ப்பு உண்டு. எல்லாப் பதிவும் ஏறிவிடவில்லை, பழையவற்றில் விடுபட்டவை இருக்கின்றன. போவதற்கு முன் போன் பண்ணி, பதிவிலக்கத்தைச் சொல்லி, இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் விண்ணப்பிக்கலாம்.

கொண்டுபோக வேண்டியவை: பழைய சான்றிதழின் நிழற்பிரதி, அது இல்லாவிட்டால் முழுப் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், தந்தையின் பெயர், தாயின் கலியாணத்துக்கு முந்திய பெயர் ஆகியவற்றை எழுதிய துண்டு, உங்கள் அடையாள அட்டை.

கட்டணத்தைத் தீர்மானிப்பது ஒரு விடயம்தான். பதிவிலக்கமும் பதிவுத் திகதியும் தெரிந்திருந்தால் குறைந்த கட்டணம். தெரியாவிட்டால் ஏட்டைப் புரட்டித் தேடும் கட்டணம் சேரும், அது இரண்டு வருடக் காலப்பகுதி என்ற கணக்கில் வரும். "தொண்ணூறுக்கும் தொண்ணூற்றாறுக்கும் இடையில் எப்போதோ" என்றால் அதற்கேற்பக் கூடும். ஆகவே பழைய சான்றிதழை இப்போதே கைபேசியில் படம் எடுத்து, இலக்கம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்து வையுங்கள். சிறாப்பரிடம் (காசாளரிடம்) காசு கட்டிய பற்றுச்சீட்டைக் கொப்பி கையில் வரும்வரை கசக்காதீர்கள்.

பதிவு கணினியில் இருந்தால் காலையில் போய் மத்தியானத்துக்குள் வாங்கிவிடலாம். ஏட்டில் தேட வேண்டுமென்றால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். ஒன்று எடுக்கும்போதே மூன்று எடுத்துவிடுங்கள்.

கொப்பியை வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் நான்கு இடங்களைப் பாருங்கள்: பெயரின் எழுத்து, பிறந்த திகதி, அதிகாரியின் கையொப்பம், முத்திரை. அம்பாறை மாவட்டத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பதிவு சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால் கொப்பியும் சிங்களத்தில்தான் வரும். "தமிழில் தாங்க" என்று கேட்டுப் பயனில்லை. அதற்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போக வேண்டும். மொழிபெயர்ப்பில் பெயரை எப்படி எழுதுவது என்பதைக் கடவுச்சீட்டிலோ அடையாள அட்டையிலோ உள்ள ஆங்கில எழுத்தைக் காட்டி முதலே சொல்லிவிடுங்கள். ஒரு எழுத்து மாறினால் வெளிநாட்டுத் தூதரகத்தில் நீங்கள் இரண்டு ஆட்கள்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் வாயால் சொன்ன பதிலோடு திரும்பாதீர்கள். பதிவு காணப்படவில்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். காலங்கடந்த பதிவோ வேறு நடவடிக்கையோ அந்தக் கடதாசியில் இருந்துதான் தொடங்கும்.

சில இடங்கள் அண்மையில் எடுத்த கொப்பிதான் வேண்டும் என்கின்றன. எத்தனை மாதத்துக்குள் என்று கேட்டுவிட்டு எடுங்கள். கிராம உத்தியோகத்தர் தந்து பிரதேச செயலாளர் மேலொப்பமிடும் வதிவிட, நற்சான்றுப் பத்திரத்தை இதோடு குழப்ப வேண்டாம். அதற்கு ஆறு மாதம்தான் ஆயுள், படிவத்திலேயே எழுதியிருக்கும்.

4. உண்மைப் பிரதி எடுப்பது

இது மலிவான வேலை. ஆனால் திருப்பி அனுப்பப்படும் கடதாசிகளில் பெரும்பகுதி இங்கேதான் பிழையாகிறது.

முதலில் நிழற்பிரதியை ஒழுங்காக எடுங்கள். பழைய பிறப்புச் சான்றிதழ்களும் சில பெறுபேற்றுத் தாள்களும் ஏ4 தாளைவிட நீளமானவை. கடைக்காரர் ஏ4இல் போட்டுத் தந்தால் அடியில் உள்ள கையொப்ப வரி வெட்டுப்படும். "சுருக்கி எடுங்க தம்பி, கரை நாலும் தெரியணும்" என்று சொல்லி நின்று பாருங்கள். பின்பக்கத்தில் முத்திரையோ குறிப்போ இருந்தால் அதையும் எடுக்க வேண்டும்.

பிறகு மூலத்தையும் நிழற்பிரதியையும் சேர்த்து சமாதான நீதவானிடமோ சட்டத்தரணியிடமோ கொண்டுபோங்கள். மூலத்தைப் பார்க்காமல் கையொப்பம் வைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். பழக்கத்துக்காக வைத்துத் தந்தாலும், பிறகு பிரச்சினை வந்தால் மாட்டிக்கொள்வது இரண்டு பேரும். ஒவ்வொரு பக்கத்திலும் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: மூலத்தின் உண்மைப் பிரதி என்ற வாசகம், கையொப்பம், பெயர், பதவி, பதிவிலக்கத்துடனான றப்பர் முத்திரை, திகதி. திகதியைத்தான் அடிக்கடி மறப்பார்கள்.

கையொப்பம் நீல மையில் இருப்பது நல்லது. கறுப்பு மையில் வைத்தால் அதுவும் நிழற்பிரதியோ என்று கவுண்டரில் சந்தேகப்படுவார்கள். உண்மைப் பிரதியை மறுபடி போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்தால் அது வெறும் போட்டோக் கொப்பிதான்.

சமாதான நீதவான் பதவி சம்பளமில்லாத சேவை. ஊரில் பொதுவாக இதற்குக் காசு வாங்குவதில்லை. சட்டத்தரணிக்கும், உறுதி எழுதும் நொத்தாரிசுக்கும் கட்டணம் உண்டு. எத்தனை பக்கம் என்று சொல்லி முதலே பேசிக்கொள்ளுங்கள்.

வர்த்தமானியில் வரும் அரச வேலைகளுக்கு அறிவித்தலை இரண்டு தடவை வாசியுங்கள். சிலவற்றில் உண்மைப் பிரதிகளை இணைக்கச் சொல்வார்கள், சிலவற்றில் நேர்முகத்துக்கு மூலத்தைக் கொண்டுவந்தால் போதும். எதிலும் மூலத்தைத் தபாலில் அனுப்பாதீர்கள். பிறப்புச் சான்றிதழை லெமினேற் பண்ணுவதையும் விட்டுவிடுங்கள். முத்திரையைத் தொட்டுப் பார்க்க முடியாது என்று மறுக்கும் இடங்கள் இருக்கின்றன.

5. உறுதியின் கொப்பி

நொத்தாரிசு ஒரு உறுதியை மூன்றாக எழுதுகிறார். மூலம் வாங்கியவருக்கு. இரண்டாவது, அதாவது டுப்ளிகேட், காணிப் பதிவகத்துக்கு. மூன்றாவது, புறொட்டக்கோல் என்பது, நொத்தாரிசின் கோப்பில். ஆகவே உறுதி தொலைந்தால் இரண்டு கதவு இருக்கிறது: பதிவகத்தில் டுப்ளிகேட்டின் சேர்ட்டிபைட் கொப்பி, அல்லது நொத்தாரிசிடம் அவருடைய புறொட்டக்கோலின் கொப்பி. நொத்தாரிசு காலமாகிவிட்டால் அவருடைய கோப்புகள் எங்கே என்று காணிப் பதிவகத்தில்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

எந்தப் பதிவகம் என்பதைக் காணி இருக்கும் இடம் தீர்மானிக்கும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அம்பாறையிலும் பதிவகங்கள் உண்டு. அம்பாறை மாவட்டத்துக் காணி என்றதும் நேரே அம்பாறை நகரத்துக்குப் போகாதீர்கள். கரையோரக் காணிகளுக்குக் கல்முனையில் முதலில் கேளுங்கள்.

தேவையானவை: உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர். பதிவு செய்த உறுதியின் பின்பக்கத்தில் பதிவக முத்திரையும் தொகுதி, பக்க இலக்கமும் இருக்கும். அதைப் படம் பிடித்து வைத்திருந்தால் தேடும் நேரம் பாதியாகும்.

காணி வாங்குபவர்களுக்கு இங்கே ஒரு பெரிய பொறி. விற்பவர் தரும் உறுதிக் கொப்பி, அவர் அன்றைக்கு வாங்கினார் என்பதை மட்டும் சொல்லும். அதன் பிறகு அரைவாசியை மகளுக்குச் சீதனமாக எழுதினாரா, வங்கியில் ஈடு வைத்தாரா என்பது அதில் இருக்காது. அதற்குப் பதிவேட்டுப் பக்கத்தின் கொப்பி வேண்டும், கந்தோரில் எக்ஸ்ராக்ட் என்பார்கள். வங்கிக் கடனுக்குப் பொதுவாக முப்பது வருடத்துக்குத் தேடிப் பார்க்கச் சொல்வார்கள். சட்டத்தரணியின் தேடற் செலவைச் சிக்கனம் பிடித்துக் காணியை இழந்தவர்கள் உண்டு.

குடியேற்றத் திட்டக் காணி, பெர்மிட் காணி என்றால் கதை வேறு. பெர்மிட்டின் தாய் காணிப் பதிவகத்தில் இல்லை, பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுப் பேரேட்டில் இருக்கிறது. அங்கே பின்னுரித்தாளி (பெர்மிட்காரருக்குப் பிறகு காணியைப் பெற நியமிக்கப்பட்டவர்) பெயர் என்ன என்று எழுதியிருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியென்றால் பதிவகத்திலும் பார்க்க வேண்டும்.

6. தொலைந்த அடையாள அட்டை

பொலிஸ் முறைப்பாடு, அதன் கொப்பி, பிறப்புச் சான்றிதழ், படங்கள், கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம். இதுதான் வரிசை. முறைப்பாட்டுக் கொப்பி பொலிஸ் முத்திரையோடு இருக்க வேண்டும். அதை ஒப்படைக்க வேண்டி வரும் என்பதால், கொடுக்க முன் உங்களுக்கொரு நிழற்பிரதி எடுங்கள். படிவத்தில் "இணைப்பிரதி" என்ற கூட்டில் அடையாளம் இடுங்கள். முதல் அட்டைக்கும் திருத்தத்துக்கும் இணைப்பிரதிக்கும் கட்டணம் வேறு வேறு.

7. கடிதத்தின் அடியில் 'பிரதி'

அரச கடிதத்தின் அடியில் "பிரதி: பிரதேச செயலாளர், தகவலுக்காக" என்று இருந்தால், அவருக்கும் ஒன்று அனுப்பப்பட்டிருக்கிறது என்று பொருள். அதை நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கத் தேவையில்லை. நீங்கள் எழுதும் முறைப்பாட்டிலும் அப்படி எழுதலாம், ஆனால் எழுதிவிட்டு அனுப்பாமல் விடக் கூடாது. மின்னஞ்சலில் 'சீசீ' என்று இருப்பதும் இதே வேலைதான். காபன் தாள் காலத்துச் சொல், தாள் போனாலும் பெயர் நிற்கிறது.

அரச ஊழியர்கள் இடமாற்றம் கேட்டால் விண்ணப்பம் திணைக்களத் தலைவர் ஊடாகப் போகும், அதோடு அட்வான்ஸ் கொப்பி ஒன்றை நேரே அனுப்பும் வழக்கமும் உண்டு. இரண்டிலும் ஒரே திகதி இருக்கட்டும்.

யாருக்குக் கடிதம் கொடுத்தாலும் இரண்டு பிரதியோடு போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் கந்தோரின் திகதி முத்திரையை வாங்குங்கள். "கடிதம் கிடைக்கவே இல்லையே" என்று மூன்று மாதம் கழித்து யாராவது சொன்னால், எடுத்துக் காட்ட அந்த ஒபிஸ் கொப்பி இருக்கும். முத்திரை வைக்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டை ஒட்டி வையுங்கள்.

உங்கள் சம்பந்தப்பட்ட கோப்பில் உள்ள ஆவணத்தின் கொப்பியைக் கந்தோர் தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் "சான்றுப்படுத்திய பிரதி" என்றே எழுதுங்கள். வெறும் "பிரதி" என்றால் போட்டோக் கொப்பி வரும்.

8. வெளிநாட்டுக்கு

வரிசை தப்பினால் காசு இரட்டிப்பாகும். முதலில் புதிய சேர்ட்டிபைட் கொப்பி. பிறகு மொழிபெயர்ப்பு. அதன் பிறகு வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சி. கடைசியாகத் தூதரகம், அவர்கள் கேட்டால் மட்டும். சமாதான நீதவான் கையொப்பமிட்ட பிறப்புச் சான்றிதழ் இங்கே செல்லாது, பதிவாளர் பிரிவின் கையொப்பம்தான் வேண்டும். பாடசாலைச் சான்றிதழ்களுக்குக் கல்வி அமைச்சின் சான்று முந்தி வர வேண்டியிருக்கும். சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுக்குப் பரீட்சைத் திணைக்களம் தரும் சான்றிதழை எடுங்கள். அதிபர் தந்த பெறுபேற்றுத் தாளை நம்பிப் போகாதீர்கள்.

கொன்சியூலர் வேலைக்கு எல்லோரும் பத்தரமுல்லைக்கு இரவு பஸ் ஏற வேண்டியதில்லை. திருகோணமலையில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. உங்கள் வகை ஆவணத்தை அங்கே ஏற்பார்களா, முன்பதிவு வேண்டுமா என்று போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

விவாகரத்துத் தீர்ப்பு என்றால் முதல் தீர்ப்பின் கொப்பி போதாது. இறுதித் தீர்ப்பு பதிவான பிறகு நீதிமன்றப் பதிவாளர் தரும் சேர்ட்டிபைட் கொப்பிதான் எடுபடும். வழக்கிலக்கம் இல்லாமல் போனால் தேடித் தர மாட்டார்கள்.

9. சொப்ட் கொப்பி

நிழல் விழுந்த கைபேசிப் படம் பல இடங்களில் திரும்பி வரும். கடையில் ஸ்கான் பண்ணச் சொல்லுங்கள், 200 முதல் 300 டிபிஐ போதும். நிறத்தில் எடுக்க வேண்டும், முத்திரை நீலமா கறுப்பா என்பது தெரிய வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே பிடிஎஃப் கோப்பில் வரட்டும். கோப்புக்கு ஆங்கில எழுத்தில் உங்கள் பெயரும் ஆவணத்தின் பெயரும் வையுங்கள். "ஸ்கான் 0001" என்று போனால் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும், 'டொக்கியூமன்ட்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். கடைக் கணினியில் உங்கள் கோப்பு கிடந்தால் அழிக்கச் சொல்லிவிட்டு எழும்புங்கள்.